கையை அழுக்காக்கிக்கொண்ட அனைவருக்கும் நன்றி

அன்பு நண்பர்களுக்கு,

நம் அலுவலகப் பசுமைக் குழுவின் முதல் ஆண்டு வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. ஆண்டறிக்கையில் இதற்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் எண்கள் வரும், போட்டோ வரும், உழைத்தவர்கள் வரமாட்டார்கள். அதனால்தான் இந்த மடல். பெயர் போட்டால் கூச்சப்படுவோம் என்று பலர் சொல்லிவிட்டதால் இங்கும் பெயர்கள் இல்லை. யார் யாரைச் சொல்கிறேன் என்று படிக்கும்போதே தெரிந்துவிடும்.

முதல் நன்றி ஹவுஸ்கீப்பிங் அக்காக்களுக்கு. ஒரு நாள் குப்பை முழுவதையும் பார்க்கிங்கில் தார்ப்பாய் விரித்துக் கொட்டி, பிரித்து, எடை போட்டுப் பார்ப்பது என்று முடிவானது. அதை எப்படிச் செய்வதென்று குழுவில் ஒருவருக்கும் தெரியாது. ஈரக் குப்பையைத் தனியாகத் தள்ளி வையுங்கள், அந்தத் தண்ணீர் பேப்பரில் பட்டால் இரண்டும் வீண் என்று சொன்னது அவர்கள். "பைக்குள்ள கைய விடாதீங்க, கண்ணாடிச் சில்லு இருக்கும், கவுத்துக் கொட்டுங்க" என்று மேனேஜர்களை அதட்டியதும் அவர்கள்தான். அந்த அதட்டல் நிகழ்ச்சி நிரலில் இல்லை. அன்று நடந்ததிலேயே உருப்படியான விஷயம் அதுதான் என்பேன்.

அன்றைக்கு எல்லோரையும் பேசவைத்தது காகிதக் கப். ஆளாளுக்கு அதை எடுத்துப் பேப்பர் குவியலில் போட்டுக்கொண்டே இருந்தோம். ஒரு அக்கா ஊறிப்போன கப் ஒன்றை எடுத்து, ஓரத்தை நகத்தால் நிமிண்டி, உள்பக்கத்திலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் தோல் ஒன்றை முழுசாக உரித்துக் காட்டினார். பாலிஎத்திலீன் பூச்சு அது. டீ கசியாமல் இருக்கப் பூசுகிறார்கள். அதனாலேயே இதைச் சாதாரணப் பழைய பேப்பரோடு சேர்த்துக் கூழாக்க முடிவதில்லை. மாதக்கணக்கில் சுவரில் தொங்கிய போஸ்டரால் ஆகாதது அந்த ஒரு உரிப்பில் ஆனது. மறுநாள் டீ நேரத்தில் பலர் சொந்தக் கோப்பையோடு வந்து நின்றார்கள்.

சரி, கோப்பையைக் கொண்டுவந்தாயிற்று, எங்கே கழுவுவது? இரண்டு நாளில் அலுத்துப்போய் எல்லோரும் பழையபடி காகிதக் கப்புக்கே போயிருப்பார்கள். கேன்டீன்காரர்கள் கேட்காமலேயே ஒரு மூலையில் குழாயும் கவிழ்த்து வைக்க ஒரு ஸ்டாண்டும் போட்டுத் தந்தார்கள். பழக்கம் நிலைத்ததற்குக் காரணம் அந்த ஸ்டாண்ட்.

உரக்குழிக்காகத் தோட்டக்கார அண்ணாவுக்குத் தனி மடலே எழுத வேண்டும். நாங்கள் எங்கெங்கோ படித்துவிட்டு, குப்பை மக்கக் கார்பன் 30 பங்கு, நைட்ரஜன் 1 பங்கு என்று விவாதித்துக்கொண்டிருந்தோம் (சருகில் கார்பன் அதிகம், மிச்சச் சாப்பாட்டில் நைட்ரஜன் அதிகம்). பொறுமையாகக் கேட்டவர், "ஒரு கூடை மிச்சச் சாப்பாட்டுக்கு மூணு கூடை சருகு போடுங்க சார், தானா வரும்" என்றார். பிறகு பதம் பார்க்கவும் கற்றுக்கொடுத்தார். ஒரு பிடி அள்ளிப் பிழிய வேண்டும். தண்ணீர் ஒழுகினால் சருகு போதவில்லை. பிடி நிற்காமல் உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி மட்டும் கசிந்தால் சரியான பதம். முதல் முறை முகம் சுளித்துக்கொண்டு பிழிந்தவர்கள்தான் இப்போது மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஐ.டி. பிரிவினர் நீளமான தெர்மாமீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து குவியலின் நடுவில் செருகினார்கள். முள் 55 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போய் நின்றது. நெருப்பு இல்லை, கரண்ட் இல்லை. நுண்ணுயிர்கள் தின்று செரிக்கும்போது வெளிவரும் சூடுதான். அந்தச் சூட்டில் சில நாள் கிடந்தால்தான் களை விதைகளும் நோய்க் கிருமிகளும் சாகும். நாற்றம் வந்தால் காற்று போகவில்லை என்று பொருள், கிளறிவிட வேண்டும். அதற்கு முறை வைத்து ஆள் போட்டோம். ஒருவர் வராத நாளில் இன்னொருவர் சொல்லாமலே கிளறிவிட்டுப் போயிருந்தார். இப்போதெல்லாம் லிஃப்ட்டில் யாராவது "இன்னைக்கு எத்தனை டிகிரி?" என்றால், அது உரக்குழியைப் பற்றிய கேள்வி.

ஏரியில் ஆகாயத்தாமரை எடுக்கப்போன நாளுக்காக ஓட்டுநர்களுக்கும் ஏரியைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர்களுக்கும் நன்றி. தென் அமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாக உலகம் சுற்ற வந்த இது, சூழல் வாய்த்தால் இரண்டே வாரத்தில் இருமடங்காகப் பெருகும். முக்கால்வாசிக்கும் மேல் தண்ணீர்தான் என்பதால் ஒரு கூடையைத் தூக்குவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். கரை ஓரத்திலேயே போட்டால் அடுத்த மழையில் திரும்ப ஏரிக்குள் போய்விடும், மேட்டில் கொண்டுபோய்க் காயவிடுங்கள் என்று தன்னார்வலர்கள் சொல்லியிருக்காவிட்டால் எல்லா உழைப்பும் வீணாகியிருக்கும். விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்குமாம். ஆக, ஒரு நாள் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருகிற வேலை இல்லை இது. மீண்டும் போகிறோம்.

படம் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1973 முதல் ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். அன்று ஒரு குழி, ஒரு கன்று, ஒரு மண்வெட்டியைப் பிடித்தபடி பத்துப் பேர் என்கிற காட்சியை இந்த ஆண்டு தவிர்த்தோம். அதற்குச் சம்மதித்தவர்களுக்குக் கூடுதல் நன்றி.

பழுது நீக்கும் நாளன்று எலக்ட்ரீஷியன் அண்ணன் மேசை போட்டு உட்கார்ந்தார். 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டீன் போஸ்ட்மா என்பவர் தொடங்கிவைத்த ரிப்பேர் கஃபே முறைதான். பொருளைக் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து நாமே திருகைத் திருக வேண்டும். ஹெட்போன் ஒயர் பற்றவைக்கக் கற்றுக்கொண்டு போனவர்கள் இன்னும் பெருமை பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம், "விமானத்தில் பறந்து மீட்டிங்குக்குப் போய்வந்துவிட்டு இங்கே சருகு பொறுக்குகிறோமா?" என்று கேட்ட ஃபைனான்ஸ் நண்பருக்கு மனமார்ந்த நன்றி. நம்மைப் போன்ற அலுவலகத்தின் பெரிய கார்பன் கணக்கு, அதாவது நாம் காற்றில் விடும் கரியமில வாயு, மின்சாரத்திலும் பயணத்திலும்தான் இருக்கிறது. உரக்குழி அதை ஈடுகட்டாது. அந்தக் கேள்வியால்தான் இரவில் மாடி மாடியாக நடந்து, எது எது வீணாக ஓடுகிறது என்று பார்க்கக் கிளம்பினோம். செக்யூரிட்டி அண்ணன்களிடம் போனால், எந்த மாடியில் எத்தனை மணிவரை ஏ.சி. ஓடியது என்று அவர்கள் ரோந்து நோட்டில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள். அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். இன்று அந்த நோட்டுதான் பராமரிப்புப் பிரிவின் முதல் ஆவணம். பயணக் கணக்கை அந்த நண்பரே போட்டுக்கொண்டிருக்கிறார்.

வேலை நேரத்திலேயே இதையெல்லாம் செய்ய விட்ட நிர்வாகத்துக்கு நன்றி. விடுமுறை நாளில் வரச் சொல்லியிருந்தால், எப்போதும் வரும் அதே சிலர்தான் வந்திருப்போம். கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் தொலைவிலிருந்து வருபவர்களும் விடுபட்டிருப்பார்கள். ஒப்பந்த ஊழியர்களுக்கும் அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டு என்று எழுத்தில் கொடுத்த ஹெச்.ஆர். பிரிவுக்கு இரண்டு நன்றி. ஒப்பந்த ஊழியர்கள் இல்லாமல் இந்த மடலில் பாதி இல்லை.

அடுத்த ஏரி வேலைக்குப் பெயர் கொடுக்க விரும்புபவர்கள் வரவேற்பறையில் உள்ள நோட்டில் எழுதுங்கள். போன முறை ரப்பர் பூட்ஸ் வாங்கிப்போனவர்கள் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இடது கால் பூட்ஸ் நான்கு என்னிடம் இருக்கின்றன, வலது கால் ஒன்றுகூட இல்லை.

நன்றியுடன்,
பசுமைக் குழுவுக்காக, உங்களில் ஒருவர்