செயலாளர் ஆண்டறிக்கை 2024: தீபாவளியும் ஹலோவீனும் ஒரே நாளில்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவுக்கும் ஸ்காபரோ வட்டார உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, கோடைகால ஒன்றுகூடல், முதியோர் சுற்றுலா மூன்றும் வழமைபோல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரித்துச் சொல்ல வேண்டியது ஒக்டோபர் 31ஐப் பற்றி.

இம்முறை தீபாவளியும், பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக இனிப்புக் கேட்டுப் போகும் ஹலோவீனும் ஒன்றாக வந்தன. காலையில் தலைக்கு எண்ணெய் வைத்து முழுகிய பிள்ளைகள், மாலையில் எலும்புக்கூடு உடுப்போடு வெளிக்கிட்டார்கள்.

அதற்கு முந்திய கூட்டத்தில் பெற்றோர் கேட்டதெல்லாம் இனிப்பில் நஞ்சு இருக்குமா, ஊசி இருக்குமா என்றுதான். டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1958 முதலான செய்திகளைத் துருவிப் பார்த்தவர். முன்பின் தெரியாதவர் கொடுத்த ஹலோவீன் இனிப்பால் பிள்ளை இறந்ததாக உறுதியான சம்பவம் ஒன்றும் அவருக்குக் கிடைக்கவில்லை. 1974இல் டெக்சாஸில் ஒரு சிறுவன் சயனைட் கலந்த இனிப்பால் இறந்தான். கொடுத்தவர் பெற்ற தகப்பன், காப்புறுதிப் பணத்துக்காக.

உண்மையான ஆபத்து றோட்டில்தான். கனடிய ஆய்வாளர்கள் அமெரிக்காவின் 42 ஆண்டு விபத்துப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஒரு வாரம் முன்னும் பின்னும் வரும் மாலைகளோடு ஒப்பிட்டால், ஹலோவீன் மாலையில் வாகனம் மோதி இறந்த பாதசாரிகள் 43 சதவீதம் அதிகம். 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளில் அது ஏறக்குறைய பத்து மடங்கு. ரொறன்ரோவில் அன்று ஆறு மணி தாண்டியதும் பொழுது பட்டுவிடும். வேலை முடிந்து கார்கள் திரும்புவதும் அப்போதுதான்.

ஆகவே சங்கப் பணத்தில் ஒளி தெறிக்கும் பட்டி வாங்கினோம். அம்மம்மாமார் கூடி உட்கார்ந்து கறுப்பு அங்கிகளின் முதுகிலும் கையிலும் ஒட்டித் தந்தார்கள். "இப்ப நான் பேயில்லை, றோட்டு வேலைக்காரன்" என்று ஒரு பையன் குறைப்பட்டான். அவன் சொன்னது சரிதான்! பார்வையை மறைக்கும் முகமூடிக்குப் பதில் முகத்தில் வர்ணம் பூசினோம். ஒரு பக்க வீடுகளை முடித்தபிறகே, அதுவும் சந்தியில் மட்டும், மறுபக்கம் கடக்க வேண்டும் என்று கூடப்போன பெரியவர்களிடம் சொல்லி வைத்தோம்.

பெரிய வாக்குவாதம் விளக்கில் வந்தது. வாசற்படியில் அகல் விளக்கு, அதன்மேல் நிலத்தில் இழுபடும் நைலோன் அங்கி. நைலோன் உருகித் தோலில் ஒட்டும். படியில் பற்றரி விளக்கு, எண்ணெய் விளக்கு சுவாமி அறையில் என்று ஒருவழியாகச் சமாதானமானோம். கம்பி மத்தாப்பின் சூடு ஆயிரம் பாகை செல்சியஸைத் தொடும். வேஷம் கழற்றிப் பருத்தி உடுப்பு மாற்றிய பிறகே மத்தாப்பு என்றும், பக்கத்தில் வாளித் தண்ணீர் இருக்க வேண்டும் என்றும் முடிவானது.

அப்புறம், எள்ளுருண்டை. வாசலுக்கு வந்த பிள்ளைகளுக்குச் சிலர் அன்போடு அதைத்தான் கொடுத்தார்கள். கச்சானைப் போல எள்ளும் கனடாவின் முக்கிய ஒவ்வாமைப் பட்டியலில் உள்ளது. வீட்டில் செய்ததை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்வோம். வாசலுக்கு உறையிட்ட இனிப்பு போதும். நீலப்பச்சைப் பூசணிக்காய் வைத்த வீட்டில் இனிப்புக்குப் பதில் பென்சில், ஸ்ரிக்கர் போன்றவை கிடைக்கும் என்பதைப் பல பெற்றோர் இம்முறைதான் அறிந்தார்கள். கொண்டுவந்த இனிப்பை வெளிச்சத்தில் கொட்டிப் பாருங்கள். கஞ்சா கலந்த ஜெலி இனிப்புகள் பார்வைக்குச் சாதாரண இனிப்பு மாதிரியே இருக்கின்றன.

விபத்து எதுவும் சங்கத்துக்கு அறிவிக்கப்படவில்லை. 2025இல் ஹலோவீன் வெள்ளிக்கிழமை, கூட்டம் கூடும். மாலை ஐந்தரை முதல் எட்டரை வரை சந்திகளில் நிற்கத் தொண்டர்கள் தேவை. பெயர் தருவோர் இன்றே தரலாம். மிஞ்சிய பட்டி என்னிடம் இருக்கிறது.

அறிக்கையை ஏற்குமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்