செம்பனை ஓட்டுக் கணக்கு

குளுவாங், ஜொகூர்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே நல்ல மழை, லோரி ஓட்டம் பாதிதான். தெலுக் இந்தானில் செம்பனைக் கொட்டை ஓடு வாங்கி, காயவைத்து, சலித்து, ஏற்றுமதிக்காரருக்கு அனுப்பப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். ஐ.எஸ்.சி.சி. என்ற அனைத்துலக நிலைத்தன்மைச் சான்றிதழுக்காக அக்கம்பக்கத்துச் சிறுதோட்டக்காரர் எல்லாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தாய்.

வேண்டாம். அந்தத் தலைவலி செம்பனைப் பழக்குலை வாங்குகிறவனுக்கு. பழத்துக்குத்தான் சரக்கு வந்த வழியைக் காட்டும் சங்கிலி தோட்டத்தில் தொடங்கும். 2008 ஜனவரி 1-க்குப் பிறகு காட்டை வெட்டி நட்டதா, உங்கள் பக்கத்துப் பீட் மண்ணில் (சதுப்புக் கரிமண்) புதிதாகக் கால்வாய் தோண்டி நீரை வடித்ததா என்று கிராணும் (நிலப்பட்டா) வரைபடமும் வைத்து அவன்தான் பதில் சொல்ல வேண்டும். ஓடு, எண்ணெய் மில்லில் மிஞ்சுவது. அதற்குப் பிறப்பிடம் மில்தான். மில் கையெழுத்திட்ட சுயஅறிவிப்பு உன் கோப்பில் இருக்க வேண்டும், சான்றிதழ் உன் பெயரில் இருக்க வேண்டும். மில்லிடம் எம்.எஸ்.பி.ஓ. என்ற மலேசியச் செம்பனைச் சான்றிதழ் இருக்கிறதே, போதாதா என்று யாராவது கேட்பார்கள். அது 2020 முதல் நம் நாட்டில் கட்டாயம், சரி. ஆனால் ஐ.எஸ்.சி.சி.க்கு அது ஈடாகாது.

ஆடிட்டர் வந்ததும் பென்சிலால் ஒரு கணக்குப் போடுவார். நூறு டன் குலைக்கு ஓடு சுமார் ஐந்தாறு டன்தான், அதிலும் ஒரு பங்கு மில்லின் பாய்லருக்கே போய்விடும். மாதம் 10,000 டன் குலை அரைக்கிற மில், உனக்கு மட்டும் 700 டன் ஓடு கொடுத்ததாகச் சீட்டு இருந்தால், மீதிக் கதையை நீ சொல்லவே வேண்டாம். அதனால் ஒவ்வொரு மில்லின் மாதாந்திர அரைப்பு அளவையும் முன்கூட்டியே கேட்டு வாங்கிவை.

பெரிய வில்லங்கம் ஈரத்தில்தான். 20 விழுக்காடு ஈரத்தோடு 1,000 டன் வாங்குகிறாய் என்று வை. அதில் உலர்ந்த சரக்கு 800 டன். 15 விழுக்காட்டுக்குக் காய்ந்தால் எடை 941 டன். 59 டன் தண்ணீர் காற்றில் போய்விட்டது, ஆனால் வரவுப் பேரேட்டில் 1,000 அப்படியே நிற்கும். கணக்கு எழுதும் கிராணி அதைச் சான்றிதழ் பெற்ற கையிருப்பு என்று நினைத்து, சான்றிதழ் இல்லாத வேறு ஓட்டை அந்தக் கணக்கில் தள்ளிவிடுவான். திருட்டுப் புத்தி ஒன்றும் கிடையாது, கழிக்க மறந்ததுதான். ஆனால் காகிதத்தில் மோசடிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் ஈரத்தை அளந்து, சலித்தெடுத்த தூசியையும் எடைபோட்டு, குறைவை மாதக் கடைசியில் கழித்துவிடு.

சான்றிதழ் உள்ளதையும் இல்லாததையும் ஒரே குவியலில் கொட்டலாம், தப்பில்லை. கணக்கு மட்டும் தனித்தனி. அதிகபட்சம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முடிக்க வேண்டும். அப்போது மிச்சம் இருந்தால் அடுத்த தவணைக்குக் கொண்டுபோகலாம், பற்று விழுந்திருக்கக் கூடாது, அதாவது வரவுக்கு மேல் விற்றிருக்கக் கூடாது. இரண்டாவது யார்ட் போட்டால் அதற்கு வேறு பேரேடு. ஒன்றின் மிச்சத்தை மற்றதன் பற்றுக்கு அடைக்க முடியாது.

தேதியில் கவனம். சான்றிதழ் ஓராண்டுதான். பழையது முடிந்து புதியது வரும் இடைவெளியில் ஏற்றிய சரக்கு சாதாரணச் சரக்குதான், பின்தேதி போட்டுச் சரிக்கட்ட முடியாது. முடிவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போதே ஆடிட்டரை வரச்சொல்லிவிடு.

எடைச்சீட்டில் லோரி எண்ணும் மில் பெயரும் தேதியும் தெளிவாக இருக்கட்டும். மழையில் நனைந்து மை கலைந்த சீட்டைக் காட்டி வாதாடுவது வீண், அன்றன்றைக்குப் படம் எடுத்துவை. டீசல் ரசீதையும் தூக்கிப் போடாதே, கரிம வெளியேற்றக் கணக்குக்கு அது வேண்டும். எல்லாம் ஐந்து வருடம் பத்திரமாக இருக்கட்டும்.

முதல் மாதப் பேரேட்டை அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
மாறன்