சேலம் நகர மன்றத்துக்கு: காவலர் தோளில் அந்த உருவம் வேண்டாம்

மாசசூசெட்ஸ் மாநிலம் சேலம் நகரத்தின் மேயருக்கும் நகர மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற அக்டோபரில், சார்ட்டர் தெரு இடுகாட்டை ஒட்டி, 1692-இல் சூனியப் பழி சுமத்திக் கொல்லப்பட்டவர்களுக்காக அமைந்த நினைவிடத்துக்குப் போயிருந்தேன். சுவரிலிருந்து நீண்டு நிற்கும் இருபது கல் இருக்கைகள். ஒவ்வொன்றிலும் கொல்லப்பட்ட ஒருவரின் பெயர். அவற்றில் ஒன்றின் மேல் கூம்புத் தொப்பி அணிந்த நால்வர் பீட்சா பெட்டியை விரித்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு காவலர் வந்து, அது நினைவுக்கல் என்று தன்மையாக எடுத்துச் சொல்லி அவர்களை எழுப்பிவிட்டார். அவருக்கு என் நன்றி. ஆனால் அவருடைய சட்டையின் தோளில் துடைப்பத்தின் மேல் ஏறிப் பறக்கும் சூனியக்காரியின் படம் தைக்கப்பட்டிருந்தது. அந்தச் சின்னத்தை அணிவித்தது நகரம். அப்படியிருக்க, வந்தவர்களை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

என் வேண்டுகோள் ஒன்றுதான். காவல்துறையின் சீருடையிலிருந்தும் வண்டிகளிலிருந்தும் அந்த உருவத்தை எடுத்துவிடுங்கள்.

1692-இல் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டதும், கைல்ஸ் கோரி என்ற முதியவர் மார்பில் கல் ஏற்றி நசுக்கிக் கொல்லப்பட்டதும் உங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். ஆனால் டாரதி குட் என்ற சிறுமியைப் பற்றிப் பேசாமல் இந்த மடலை என்னால் எழுத முடியாது. அவளுக்கு அப்போது வயது நான்கோ ஐந்தோ. அந்த மார்ச் மாதத்தில், முறைப்படி எழுதப்பட்ட பிடியாணையுடன் சட்டத்தின் ஆள் வந்து அவளைத் தந்தையின் வீட்டிலிருந்து அழைத்துப்போனார். அவளுடைய ஆவி தங்களைக் கடித்ததாகச் சில சிறுமிகள் சொன்னார்கள். நீதிபதிகள் விசாரித்தபோது, அம்மா தனக்கு ஒரு குட்டிப் பாம்பு கொடுத்திருப்பதாகவும், அது தன் விரலில் இரத்தம் குடிப்பதாகவும் அந்தக் குழந்தை சொன்னது. விரலைப் பார்த்தார்கள். தெள்ளுப்பூச்சி கடித்த அளவில் ஒரு சிவந்த புள்ளி இருந்தது. அதைச் சாட்சியமாக எழுதிக்கொண்டார்கள். படித்தவர்கள், இறையச்சம் மிக்கவர்கள் என்று ஊரே மதித்த மனிதர்கள்!

அந்தக் குழந்தையை விலங்கு பூட்டி அடைத்தார்கள். தாய் சாரா குட் அந்த ஜூலை 19 அன்று தூக்கிலிடப்பட்டார். அவருடைய கைக்குழந்தை அதற்கு முன்பே சிறையில் இறந்துவிட்டது. டிசம்பரில் ஐம்பது பவுண்டு பிணையில் டாரதி வெளியே வந்தாள். அவளுடைய தந்தை வில்லியம் குட், விசாரணையின் தொடக்கத்தில் தன் மனைவியைச் சூனியக்காரி என்றே சந்தேகித்துப் பேசியவர். சாத்தானைப் பற்றிய அச்சம் அந்த ஊரில் கணவன் மனைவிக்கு இடையிலும் புகுந்திருந்தது. அவரே 1710-இல் இழப்பீடு கேட்டு மனு எழுதினார். ஏழெட்டு மாதம் நிலவறையில் விலங்குடன் கிடந்து மிரண்டுபோன தன் மகளுக்கு, தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் அறிவு பிறகு வரவே இல்லை என்று அதில் முறையிட்டார். அரசு முப்பது பவுண்டு கொடுத்தது.

இதைப் படித்துவிட்டு அந்தத் தோள் சின்னத்தை மறுபடி பாருங்கள். அன்று பிடியாணையோடு வந்தவரின் பணியைத்தான் இன்று உங்கள் காவலர்கள் செய்கிறார்கள். வேறு எந்தத் துறையின் உடையில் இருந்தாலும் அந்தப் படம் தவறுதான். காவலரின் உடையில் இருப்பது பெருந்தவறு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1692-இல் 'ஆம், நான் சூனியம் செய்தேன்' என்று ஒப்புக்கொண்டு அந்தச் சொல்லில் நின்றவர்களில் ஒருவர்கூடத் தூக்கிலிடப்படவில்லை. ஒப்புக்கொள்ளாதவர்கள்தான் தூக்குமரம் ஏறினார்கள். பொய் சொல்லி உயிர் பிழைத்தால் ஆன்மா நரகத்துக்குப் போகும் என்று நம்பிய பக்திமான்கள் அவர்கள். எழுபத்தொரு வயது ரெபெக்கா நர்ஸ், திருச்சபையின் உறுப்பினர், 'நான் குற்றமற்றவள், கடவுளுக்குத் தெரியும்' என்று கடைசிவரை சொன்னார். எந்தப் பழியை ஏற்க மறுத்து அவர்கள் உயிரை விட்டார்களோ, அந்தப் பழியைத்தான் நகரம் தன் அடையாளமாகத் தைத்துக்கொண்டிருக்கிறது.

சுற்றுலாதான் நகரத்தின் வாழ்வாதாரம் என்பீர்கள். அண்மை ஆண்டுகளில் அக்டோபரில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள் என்பதை அறிவேன். கடைக்காரர்களின் பிழைப்பைக் கெடுக்க நான் வரவில்லை. அவர்கள் தொப்பி விற்கட்டும். ஆனால் காவல்துறை கடை அல்ல. 1692-இல் தூக்கிலிட்ட இடம் பிராக்டர்ஸ் லெட்ஜ்தான் என்று உறுதியான பிறகு, அங்கே நினைவுச்சுவர் எழுப்பி 2017-இல் திறந்துவைத்தீர்கள். அந்த அக்கறையை மனமாரப் பாராட்டுகிறேன். அந்த அக்கறை சீருடை வரைக்கும் ஏன் வரவில்லை என்பதுதான் எனக்கு விளங்காத வேதனை.

நான் பிறந்த நாட்டில் இது பழங்கதை அல்ல. சூனியக்காரி என்று பெண்களைப் பழிப்பதைக் குற்றமாக்கிப் பீகார் அரசு 1999-இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அதன் பிறகும் அங்கும் ஜார்க்கண்டிலும் அடித்துக் கொல்லப்பட்ட பெண்கள் பலர். பெரும்பாலும் விதவைகள், ஆதரவற்றவர்கள், அல்லது சிறு நிலம் உடையவர்கள். அந்தச் செய்திகளைப் படித்து வளர்ந்த எனக்கு, துடைப்பத்தில் பறக்கும் அந்தப் படம் விளையாட்டாகத் தெரியவில்லை. கோபத்தில் சற்று விலகிப் போய்விட்டேன், பொறுத்தருள வேண்டும்.

நகர முத்திரையில் இருக்கும் ஆசிய மனிதரின் உருவம் சிலரைப் புண்படுத்துகிறது என்று கேட்டதும் அதை ஆராயக் குழு அமைத்தவர்கள் நீங்கள். அதே பரிவோடு காவல்துறையின் சின்னத்தையும் மன்றக் கூட்டத்தில் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தின் பெயரும் அது உருவான 1626 என்ற ஆண்டும் மட்டும் அதில் இருந்தால் போதும். பழைய சீருடைகள் தேய்ந்து மாற்றும்போது புதியவற்றில் அந்தப் படம் இல்லாமல் பார்த்துக்கொண்டால் செலவும் அதிகம் ஆகாது. கூட்ட நாளை அறிவித்தால், நேரில் வந்து பேசவும் அணியமாக இருக்கிறேன். தயவுசெய்து அந்த உருவத்தை எடுத்துவிடுங்கள்.

பணிவன்புடன்,
மாசசூசெட்ஸில் வாழும் ஒரு தமிழர்