இரட்டை வேகத்தில் நீ பாடியது

அன்புள்ள உனக்கு,

பெயர் எழுதவில்லை, காரணம் உனக்குத் தெரியும். இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு அது தேவையும் இல்லை. கல்லூரி எது, போட்டி எங்கே நடந்தது என்பதையும் சொல்லப் போவதில்லை.

இன்று ஆடிப் பதினெட்டு. காலையில் திருவையாற்றுப் படித்துறைக்குப் போய்விட்டு வந்தேன். இந்த வருடம் ஜூன் 12 அன்றே மேட்டூர் திறந்துவிட்டார்கள், ஆற்றில் நல்ல தண்ணீர். புஷ்ய மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. நாம் ட்ரைபாட் நிறுத்திய அந்தப் படியில் ஒரு புதுப்பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் மாமியார் மஞ்சள் கயிற்றை மாற்றிவிட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வீட்டுக்கு வந்து கை கால் கூடக் கழுவாமல், போட்டிக்கு நாம் எடுத்த அந்தப் பாட்டு வீடியோவை யூடியூபிலிருந்து எடுத்துவிட்டேன்.

இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். எடுத்துவிட்டேன். இனி அது எங்கேயும் இல்லை.

2018 ஜூலை 19இல் மேட்டூர் திறந்ததிலிருந்து ஆடிப் பதினெட்டு வரை நமக்கு இருந்தது பதினைந்தே நாள். அந்தப் பதினைந்து நாளைப் பற்றி உனக்கு நான் கதை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கூகுள் ஷீட் இன்னும் அப்படியே இருக்கிறது. நேற்று ராத்திரி திறந்தேன். முப்பது வரிசை, தாளத்தின் ஒரு முழுச் சுற்றான ஆவர்த்தனத்துக்கு ஒன்று. ஆவர்த்தனம், பாட்டு வரி, கேமரா எங்கே, யார், வெயில் எந்தப் பக்கம். உன் குறிப்புகள் எல்லாம் பச்சை நிறத்தில். ‘இந்த இடத்தில் மூச்சு விடுவேன், இங்கே வெட்டாதே’ என்று ஒன்பதாவது வரிசையில் எழுதியிருக்கிறாய். வெட்டவில்லை. நீ போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுத வந்தேன். எடுத்துவிட்டேனே.

வேகம் நிமிடத்துக்கு 75 தாள எண்ணிக்கைதான் என்று பிடிவாதம் பிடித்தது நீ. ஹாஸ்டல் மொட்டை மாடியில் தாளம் தட்டுகிற மெட்ரோனோம் ஆப்பை வைத்துக்கொண்டு எண்பதில் பாடினாய், எழுபத்திரண்டில் பாடினாய், கடைசியில் ‘எழுபத்தஞ்சுலதான் பாட்டு நடக்குது, மத்ததுல ஓடுது, இல்லன்னா உக்காந்துருது’ என்றாய். நான் கீழே போய்க் கணக்குப் போட்டேன். ஓர் எண்ணிக்கைக்கு, அதாவது ஓர் அட்சரத்துக்கு, 0.8 விநாடி. நாம் எடுக்கப் போவது விநாடிக்கு 25 பிரேம், ஆக ஓர் அட்சரத்துக்குச் சரியாக 20 பிரேம். எட்டு அட்சரம் கொண்ட ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் 160 பிரேம். முப்பது ஆவர்த்தனம் சேர்ந்தால் 3 நிமிடம் 12 விநாடி. எங்கேயும் ஒரு பிரேம் கூடக் குறைய இல்லை. நீ விரல் விட்டு எண்ணியது என் டைம்லைனில் அப்படியே உட்கார்ந்தது. அன்றைக்கு நான் மாடிப்படி ஏறி ஓடி வந்து உன்னைக் கட்டிக்கொண்டேன். இன்று வரை எத்தனையோ கல்யாணப் பாட்டுகளுக்கு எடிட் செய்துவிட்டேன், அந்தச் சந்தோஷம் திரும்ப வரவில்லை.

சரி. பதினேழாவது ஆவர்த்தனத்துக்கு வருகிறேன்.

‘வந்துட்டியா தாயே, வாய்க்கா கடைசிக்கும் வந்துட்டியா.’ நான் எழுதிய வரி, ஆனால் அந்தக் கேள்வி உன்னுடையது. புது ஆற்றின், அதுதான் கல்லணைக் கால்வாயின், கடைமடைக்காரி நீ. கல்லணையில் திறந்த தண்ணீர் உன் ஊர் வாய்க்காலுக்கு எப்போது வரும், வருமா என்று தினமும் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டவள். அந்த வரியில் உன் முகம் பாட்டோடு சரியாகப் பாட வேண்டும், முந்தானையும் தண்ணீரும் மட்டும் மெதுவாக அசைய வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அதற்கு ஒரே வழிதான். பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட வேண்டும், நீ அதே வேகத்தில் வாயசைக்க வேண்டும், நான் விநாடிக்கு 50 பிரேமில் எடுத்து அதை 25இல் ஓட்ட வேண்டும். அப்போது உன் உதடு பாட்டுக்கு வந்து சேர்ந்துவிடும், உலகம் மட்டும் பாதி வேகத்தில் நடக்கும்.

ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் முதலில் வேகத்தைக் கூட்டியபோது உன் குரல் எலிக்குஞ்சு மாதிரி கீச்சிட்டது. சுருதி மாறாமல் டெம்போவை மட்டும் கூட்டத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு ராத்திரி ஆனது.

ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை. இருட்டோடு போய் இடம் பிடித்தும், வெயில் ஏறுவதற்குள் நம்மைச் சுற்றிக் கூட்டம் நிறைந்துவிட்டது. காதோலை கருகமணி மிதந்து வந்து உன் கொலுசில் சிக்கியது. சப்பரம் இழுத்து வந்த பையன்கள் கேமராவுக்கு முன்னால் வந்து நின்றார்கள். ஸ்பீக்கர் சத்தம் உனக்குக் கேட்கவில்லை என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தாய். வாயை மட்டும் அசை என்று சொன்னேன். நீ வாய்விட்டே பாடினாய். அப்படிப் பாடினால்தான் தொண்டை நரம்பு பொய் சொல்லாது என்றாய். ஆறரை விநாடி வரியை மூன்றேகால் விநாடிக்குள், மூச்சு முட்ட, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு. ஒன்பது டேக். எட்டாவதில் உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்பதாவதில் நீ நிமிர்ந்து பார்த்தபோது நெற்றியிலிருந்து ஒரு சொட்டு இறங்கியது. நான் கேமராத் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. உன் பக்கத்தில் ஒரு பாட்டி கைக்குள் விளக்கை மறைத்துக்கொண்டு நின்றிருந்தார், பிரேமின் ஓரத்தில் அவருடைய தோள் மட்டும் வரும். அவர் உன்னிடம் என்னமோ கேட்டார். நீ என்னமோ சொன்னாய். நான் ‘ஓகே, அடுத்தது’ என்று கத்தினேன்.

அந்த ராத்திரி அதை டைம்லைனில் போட்டு உன்னைக் கூப்பிட்டுக் காட்டியபோது நீ ஒன்றுமே சொல்லவில்லை. திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னாய், அவ்வளவுதான்.

அப்புறம் நவம்பர் 16 வந்தது. கஜா புயல் உன் பக்கத்துத் தென்னந்தோப்புகளை என்ன செய்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். உன் அப்பாவின் தோப்பில் என்ன மிஞ்சியது என்பது உன் வீட்டு விஷயம், அதை நான் எழுத மாட்டேன். அந்த மார்கழியிலேயே உனக்கு இடம் பேசி முடித்தார்கள். அதற்கு யாருக்கு என்ன காரணம் இருந்தது என்று பொதுவில் பேச எனக்கு உரிமை இல்லை. நீ போன் செய்ததை மட்டும் சொல்கிறேன். ‘முகம் வரக்கூடாதுடி. பேரும் வேண்டாம். குரல் இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.’

போட்டிக்குக் கொடுக்க இருபது நாள்கூட இல்லை. முப்பதில் பதின்மூன்று ஆவர்த்தனத்தில் உன் முகம். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்கிறாய்?

நீ எதுவும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நம் ஜூனியருக்கு அதே நிறப் புடவை கட்டி, தை மாதம் அதே படித்துறையில் நிறுத்தி, உன் குரலுக்கு வாயசைக்கச் சொன்னேன். ஆடித் தண்ணீர் வண்டல் கலந்து செம்மண் நிறத்தில் இருந்தது. தையில் ஆறு இறங்கித் தெளிந்துவிட்டிருந்தது. நிறம் திருத்துகிற டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் மூன்று ராத்திரி உட்கார்ந்து தெளிந்த தண்ணீரைக் கலங்கிய தண்ணீராக மாற்றினேன். கூர்ந்து பார்க்கிற யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்துகொண்டே செய்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. பரிசு வந்தது. நல்ல குரல் என்று அந்தப் பெண்ணைப் பாராட்டினார்கள். பாடியது நான் இல்லை என்று சொல்லிவிடட்டுமா என்று அவள் என்னிடம் மூன்று தடவை கேட்டாள். வேண்டாம் என்றது நான்தான். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. இதைப் படிக்கிறவர்கள் அவளைத் தேடிப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டாம்.

நீ முகத்தை எடுக்கச் சொன்னாய். நான் எடுத்தேன். நீ சொன்னதைத்தான் செய்தேன் என்று இத்தனை வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் இன்னொரு முகத்தை வைக்கச் சொல்லி நீ கேட்கவில்லை. வெறும் ஆற்றைக் காட்டியிருக்கலாம். பாட்டியின் விளக்கை, மிதந்து போன மாலைகளை, உன் கையை மட்டும் காட்டியிருக்கலாம். அத்தனையும் என் ஹார்ட் டிஸ்கில் இருந்தன. பாட்டு என்றால் பாடுகிற முகம் வேண்டும், இல்லாவிட்டால் பரிசு வராது என்று நான் நினைத்தேன். எனக்குப் பரிசு வேண்டியிருந்தது. அதை வைத்துத்தான் முதல் ஸ்டுடியோவில் வேலை கேட்டேன். மன்னித்துவிடு.

ஆனால் நீயும் ஒன்று கேள். வீடியோவைப் பார்த்துவிட்டு ‘நல்லா இருக்கு.’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினாய். முற்றுப்புள்ளி வைத்து. அதுவரை எந்த மெசேஜிலும் நீ முற்றுப்புள்ளி வைத்ததில்லை. திட்டியிருக்கலாம். என் குரலை ஏண்டி அவள் வாயில் வைத்தாய் என்று ஒரு தடவை கத்தியிருந்தால் அன்றைக்கே அழுது தீர்த்திருப்பேன். அதற்குப் பதிலாக உன் கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினாய். தபாலில்! ஒரே தட்டில் மூன்று வருடம் சாப்பிட்டவளுக்கு. உன் கல்யாண வீடியோவை யாரோ எடிட் செய்திருந்தார்கள், முகூர்த்த நேரத்து மேளத்துக்கும் வெட்டுக்கும் சம்பந்தமே இல்லை. என்னைக் கூப்பிட்டிருந்தால் காசு வாங்காமல் செய்திருப்பேன். நான் தப்பு செய்தேன் என்பதற்காக நீ என்னை இவ்வளவு சுலபமாக விட்டுவிடலாமா?

இப்போது பாடுகிறாயா? இதற்கு இங்கே பதில் எழுதாதே.

போன மாதம் அந்தப் பழைய டிஸ்க்கைத் திறந்தேன். இரண்டு பிரதி வைத்திருந்ததில் ஒன்று செத்துவிட்டது, ஒன்று ஓடியது. உன் முகத்தோடு முதலில் கட்டிய புராஜெக்டும் இருந்தது. போனில் எடுத்த ஷாட்டுகளில் மட்டும் உதடு நழுவிக்கொண்டே போகும், ஞாபகம் இருக்கிறதா? போன் ஒரே சீராக பிரேம் எடுக்காது, கூடக் குறையப் பதிவு செய்யும் என்பது அப்போது நமக்குத் தெரியாது. இப்போது எல்லாவற்றையும் சீரான 25ஆக மாற்றிவிட்டு அடுக்கினேன். சரியாகப் பொருந்திவிட்டது.

பதினேழாவது ஆவர்த்தனத்தின் ஒன்பதாவது டேக்கைச் சரிபார்க்கும்போது கேமராவின் சொந்த ஒலி தவறுதலாக ஓடிவிட்டது. அதை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. மெதுவாக்கினால் பூதம் உறுமுகிற மாதிரி ஆகிவிடும் என்பதால் பாட்டோடு பொருத்தியதும் முதல் வேலையாக அணைத்துவிடுவேன். போன மாதம்தான் அதை உண்மையான வேகத்தில் கேட்டேன். ஸ்பீக்கரில் பாட்டு, அதற்கு மேல் உன் சொந்தக் குரல், மூச்சு வாங்குவது, கூட்டத்தின் இரைச்சல். பாட்டு நின்றதும் அந்தப் பாட்டி கேட்கிறார்: ‘ஏண்டி பொண்ணே, இம்புட்டு அவசரமாப் பாடினா காவேரி அம்மாவுக்கு என்ன புரியும்?’

நீ சிரித்துக்கொண்டே சொல்கிறாய்: ‘அவ மெதுவா ஆக்கிக் குடுத்துருவா பாட்டி.’

உடனே என் குரல், ‘ஓகே, அடுத்தது.’

அதற்கு அப்புறம் என்னால் அன்றைக்கு வேலை செய்ய முடியவில்லை.

இந்த வடிவத்தை எங்கேயும் ஏற்ற மாட்டேன். யாருக்கும் காட்டவும் இல்லை. ஒரு பென் டிரைவில் போட்டு உன் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். நேரிலேயே போய்க் கொடுத்தேன், சாப்பிடாமல் அனுப்பமாட்டேன் என்று உட்கார வைத்துவிட்டார். வாய்க்காலில் தண்ணீர் வந்திருக்கிறது. இரண்டு பைல் இருக்கும். 3 நிமிடம் 12 விநாடி உள்ளதை டிவியிலேயே போடலாம், நேராக ஓடும். அதில் உன் பெயர் முழுதாக, இனிஷியலோடு, குரல் என்ற இடத்தில் இருக்கிறது. இன்னொன்று வெட்டாத ஒன்பதாவது டேக். அதை ஹெட்போன் போட்டுக் கேள். கூட்டத்தின் சத்தத்தில் பாட்டியின் குரல் கொஞ்சம் உள்ளே போய்விடுகிறது, அதை நான் சுத்தம் செய்யவில்லை.