20 முறை சுண்டிய நாணயம்: மேல்நிலைக் கணிதப் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

புதிய மேல்நிலை உயர்கணிதப் பாடத்திட்டத்தை வகுக்கும் குழுவினருக்கும், அதைப் பள்ளிகளுக்குக் கொண்டுசேர்க்கவிருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

இரண்டு பாடத்திட்ட மாற்றங்களைக் கரும்பலகைக்கு முன்னால் நின்று பார்த்தவன் நான். வரப்போவது மூன்றாவது. உங்கள் வரைவை முழுவதும் படித்தேன். பாடப்பொருளோடு எனக்குச் சண்டை இல்லை. எல்லை என்ற கருத்தை வரைபடத்தில் தொடங்கி மெல்லக் குறியீட்டுக்குக் கொண்டுபோவதும், கருதுகோள் சோதனைக்கு, அதாவது ஓர் ஊகம் கிடைத்த தரவோடு ஒத்துப்போகிறதா என்று நிகழ்தகவால் பார்க்கும் முறைக்கு, கூடுதல் இடம் கொடுத்திருப்பதும் நல்ல முடிவுகள். என்னை எழுத வைத்தது கடைசிப் பக்கத்தில் இருக்கும் கால அட்டவணை. புத்தகம் அச்சாகும், ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி, பள்ளி திறப்பு, ஆண்டிறுதியில் தேர்வு. மாதிரி வினாத்தாளுக்கு நேரே 'பின்னர் அறிவிக்கப்படும்' என்று போட்டிருக்கிறது.

சென்ற மாற்றத்தின்போது எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்போதுதான் கருதுகோள் சோதனை முதன்முறையாகப் பாடத்தில் நுழைந்தது. கல்லூரியில் நான் படித்தது தூய கணிதம். குலம், வளையம் என்றால் இன்றும் நாலு மணி நேரம் பேசுவேன். புள்ளியியலை ஒரு பருவத்தோடு கைகழுவியவன். பயிற்சிக்குப் போனோம். கருத்தாளரும் எங்களைப் போன்ற ஓர் ஆசிரியர்தான். அவருக்கு ஒருவர் மூன்று நாளில் சொன்னதை அவர் எங்களுக்கு இரண்டு நாளில் சொன்னார். திரையில் படங்கள் ஓடின. பாடத்துக்கு முக்கால் மணி நேரம். ஒரே ஒரு கணக்கைக்கூட நாங்கள் யாரும் பேனா எடுத்துப் போட்டுப் பார்க்கவில்லை. மாலையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுத்தார்கள்.

வகுப்பில் புத்தகத்தில் இருந்த கணக்கையே எடுத்தேன். ஒரு நாணயத்தை 20 முறை சுண்டியதில் 15 முறை தலை விழுந்தது. இந்த நாணயம் தலைப்பக்கம் சாய்கிறதா? நேர்மையான நாணயத்தில் 15 அல்லது அதற்கு மேல் தலை விழுவதற்கான நிகழ்தகவு 0.0207. சந்தேகத்துக்கு எல்லையாக வழக்கமாக வைக்கும் ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே நாணயத்தைச் சந்தேகிக்கலாம் என்று எழுதி முடித்துச் சாக்பீஸைக் கீழே வைத்தேன். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சார், விழுந்தது 15 தானே? 16, 17 எல்லாம் விழவே இல்லையே. விழாததை எதற்குச் சேர்த்துக் கூட்டுகிறோம்?"

எனக்கு விடை தெரியவில்லை. "முறை அப்படித்தான், தேர்வில் அப்படி எழுதினால்தான் மதிப்பெண்" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஆண்டு முழுவதும் அவள் மறுபடி ஒரு கேள்வி கேட்கவில்லை.

விடை எனக்குக் கிடைக்க மூன்று மாதம் ஆயிற்று. ஆசிரியர் அறையில் ஓய்வுப் பாடவேளைகளில் நானும் இன்னொரு ஆசிரியரும் தாளும் கால்குலேட்டருமாக உட்கார்ந்து கண்டுபிடித்தோம். நேர்மையான நாணயத்தை 1000 முறை சுண்டினால் எல்லாவற்றையும்விட அதிகம் எதிர்பார்க்கத்தக்க முடிவு 500 தலை. ஆனால் மிகச் சரியாக 500 விழுவதற்கான நிகழ்தகவு ஏறக்குறைய 0.025 மட்டுமே. விழுந்ததை மட்டும் பார்த்து ஐந்து சதவீதக் கோட்டைக் காட்டித் தீர்ப்புச் சொன்னால், இதைவிட ஒழுங்காக நடக்க முடியாத நாணயத்தையும் கள்ள நாணயம் என்று எழுத வேண்டிவரும். சுண்டும் எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொரு தனி முடிவும் அரிதாகிக்கொண்டே போகிறது. அரிது என்பது மட்டும் குற்றமாகாது. அதனால்தான் 'இவ்வளவு, அல்லது இதைவிட விலகியது' என்று ஓரத்தில் இருக்கும் முடிவுகள் எல்லாவற்றையும், அதாவது வால் முழுவதையும், சேர்த்துப் பார்க்கிறோம். ஐந்து நிமிட விளக்கம்தான். அதை நான் பள்ளி திறப்பதற்கு முன்பே பெற்றிருக்க வேண்டும்.

இது ஆசிரியரின் தனிப்பட்ட சோம்பல் என்று யாராவது சொல்லக்கூடும். கொஞ்சம் உண்மையும் இருக்கலாம்; நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது பழைய நோய். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகக் கணித அறிஞர் பேலிக்ஸ் கிளைன் 1908 வாக்கிலேயே இதை எழுதியிருக்கிறார்: கல்லூரிக்குள் நுழையும் மாணவன் பள்ளிக் கணிதத்தை மறக்க வேண்டியிருக்கிறது, ஆசிரியராகித் திரும்பும்போது கல்லூரிக் கணிதத்தை மறக்க வேண்டியிருக்கிறது. இரண்டு முறை அறுபடும் அந்த இழையை இரண்டு நாள் பயிற்சி முடிச்சுப்போடாது.

ஆகவே நான் கேட்பது ஓர் ஆண்டு. மாணவர் கையில் புத்தகம் போவதற்கு முந்தைய ஆண்டு, மேல்நிலைக் கணித ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் வாரத்துக்கு இரண்டு பாடவேளையைக் கால அட்டவணையிலேயே ஒதுக்கித் தாருங்கள். அந்த நேரத்தில் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களோடு உட்கார்ந்து புதிய பாடத்தின் கணக்குகளை நாங்களே மாணவர்களாகப் போட்டுப் பார்ப்போம். தவறு செய்வோம், ஒருவரையொருவர் திருத்துவோம். ஒரே ஒரு கணித ஆசிரியர் உள்ள பள்ளிகள் பல. அங்கே இருப்பவருக்குப் பக்கத்தில் கேட்க ஆளே இல்லை. முதலில் அவரை நினைத்து இதைத் திட்டமிடுங்கள். ஓய்வு நேரத்தில் படித்துக்கொள்ளலாமே என்று சுற்றறிக்கை மட்டும் அனுப்பிவிடாதீர்கள். விடைத்தாள் கட்டுக்கு நடுவே அந்த ஓய்வு நேரம் எங்கே இருக்கிறது என்று எங்களுக்கும் தெரியவில்லை.

நேரத்தைக் குறைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே 2000இல் மேல்நிலைப் படிப்பை அலகுகளாகப் பிரித்து, முதல் ஆண்டு முடிவிலேயே தனித் தேர்வு வைத்தார்கள். பொறுத்துக் கற்க வேண்டிய கணிதம் சில மாதங்களுக்குள் திணிக்கப்பட்டது. 2001 கோடையில் அந்த முதல் ஆண்டுக் கணிதத் தேர்வில் பத்தில் ஏறத்தாழ மூன்று பேர் தோற்றார்கள். அடுத்த ஆண்டு முழுப் படிப்பையும் முடித்துத் தேர்வெழுதியவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது. பிறகு பாடச்சுமையைத் தளர்த்தினார்கள். ஆனாலும் எண்ணிக்கை பழைய நிலைக்கு ஏறச் சில ஆண்டுகள் பிடித்தன. கணிதம் கடினம் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால், அண்ணன் தம்பியிடம் சொல்வான், அக்கா தங்கையிடம் சொல்வாள். அந்தப் பெயரை எந்தச் சுற்றறிக்கையாலும் திரும்பப் பெற முடியாது.

அடுத்து, வினாத்தாள். நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பள்ளிகளுக்குப் பாடத்திட்டம் என்பது வினாத்தாள்தான். 'சிந்தனைத் திறன்', 'பயன்பாடு' என்று முன்னுரையில் எத்தனை பக்கம் எழுதினாலும், முதல் பொதுத்தேர்வு மனப்பாடக் கணக்குகளைக் கேட்டால் இரண்டாம் ஆண்டிலிருந்து எல்லோரும் மனப்பாடத்துக்குத் திரும்பிவிடுவார்கள். நானும் திரும்புவேன். ஆகவே மாதிரி வினாத்தாள்களைப் புத்தகத்துக்கு முன்பே வெளியிடுங்கள். ஒன்று போதாது, ஒன்று மட்டும் வந்தால் அதையே வார்ப்பாக வைத்துக்கொண்டு வழிகாட்டி நூல்கள் கிளம்பிவிடும். நான்கைந்து வேண்டும். விடைக்குறிப்போடு, எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்பதோடு, மாற்று வழியில் விடை கண்டவருக்கு என்ன செய்வது என்பதோடு.

சின்னதாகத் தோன்றும் ஒன்று, ஆனால் ஒவ்வொரு முறையும் காலை வாரிவிடுவது: இயற்பியல் ஆசிரியருக்குப் பதினொன்றாம் வகுப்பின் முதல் மாதத்திலேயே வெக்டரும் வகையிடலும் தேவை. உங்கள் வரைவில் வெக்டர் ஆறாவது பாடம். அதுவரை அவர் தம் வகுப்பில் அரைகுறையாக ஒரு கணிதம் நடத்துவார். பிறகு நான் அதை அழித்து மறுபடி எழுதுவேன். இரண்டு குழுக்களும் ஒரே மேசையில் ஒரு பிற்பகல் உட்கார்ந்தால் தீர்ந்துவிடும் சிக்கல் இது. தரவுக் கணக்குகளுக்குக் கணினி வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள்; கணினி அறையைக் கணித வகுப்புக்கு யார் திறந்துவிடுவார்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். பழைய பாடத்திட்டத்தில் தவறியவர்களுக்கு எத்தனை ஆண்டுகள் வரை பழைய வினாத்தாள் கிடைக்கும் என்பதும் முதல் நாளே தெரிய வேண்டும். பதினொன்றையும் பன்னிரண்டையும் ஒரே ஆண்டில் மாற்றாதீர்கள். பழைய பதினொன்றைப் படித்துவிட்டுப் புதிய பன்னிரண்டில் உட்காரும் பிள்ளைக்கு நடுவில் சில படிகளே இருக்காது.

ஓராண்டு தள்ளிப்போடுவது உங்களுக்கு எளிதல்ல என்பது தெரியும். அறிவிப்பு வெளிவந்துவிட்டது, அச்சகத்துக்கு நாள் குறித்திருப்பீர்கள். தள்ள முடியாவிட்டால் புள்ளியியல் பகுதியையாவது முதல் ஆண்டில் தேர்வுக்குரியதாக வைக்காதீர்கள். எங்களில் பெரும்பாலோர் தடுமாறப்போவது அங்கேதான்.

மாதிரி வினாத்தாளில் ஒரு கேள்வியை மட்டும் என் விருப்பமாகச் சேர்க்கக் கேட்கிறேன். '20 முறை சுண்டி 15 தலை விழுந்த நாணயத்தைச் சோதிக்கும்போது, விழாத 16, 17, 18, 19, 20 ஆகியவற்றின் நிகழ்தகவுகளையும் ஏன் கூட்டுகிறோம்? மூன்று வரிகளில் விளக்குக.' இரண்டு மதிப்பெண் போதும்.

இப்படிக்கு,
ஒரு மேல்நிலைக் கணித ஆசிரியர்