பாக்கெட்டைப் பிரிக்காதே, தம்பி

தண்டையார்பேட்டை
ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள தம்பிக்கு,

நைனா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை, துணி காயவைக்கிற வேலை என் தலையில்.

போன வாரம் போனில் நீ சொன்னது மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. சிகாகோ பக்கம் ரோஸ்மான்ட்டில், சேகரிக்கிற படக் கார்டுகளுக்கென்று பெரிய கண்காட்சி வருகிறது, லீவு போட்டுவிட்டுப் போகிறேன், போனஸில் பாதிக்குக் கார்டு பாக்கெட் அடைத்த, பிரிக்காத பெட்டிகளாக வாங்கிப்போடலாம் என்று இருக்கிறேன் என்றாய். நான் "சரி சரி" என்று வைத்துவிட்டேன். போனில் விவாதம் பண்ண எனக்கு வராது, உனக்கே தெரியும். அதனால்தான் கடுதாசி.

போகாதே என்று சொல்ல வரவில்லை. தாராளமாகப் போ. 1980-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஆரம்பித்த கண்காட்சி, பக்கத்திலேயே நடக்கும்போது பார்க்காமல் விடலாமா? பெட்டி விஷயம்தான் எனக்கு உதைக்கிறது.

உட்கார்ந்த இடத்திலிருந்து பேசுகிறேன் என்று நினைக்காதே. நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் காமிக் கான் என்று காமிக்ஸ் ரசிகர்கள் கூடுகிற விழா நடந்தபோது உன் அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். 2021-ல் மெட்ரோவை விம்கோ நகர் வரைக்கும் நீட்டியதிலிருந்து நமக்கு ஊரே பக்கமாகிவிட்டது. தண்டையார்பேட்டையில் ஏறினால் வண்டி மாறாமல் ஆலந்தூர், அங்கிருந்து ஆட்டோ. வேஷம் கட்டிக்கொண்டு வந்திருந்தவர்களை எல்லாம் அக்கா அனுப்பிய போட்டோவில் பார்த்திருப்பாய். அதை விடு. நான் அதிக நேரம் நின்றது கார்டு கடைகளின் முன்னால்தான்.

அங்கே ஒரு பையன், காலேஜ் படிக்கிற வயசு இருக்கும். கை நிறைய போக்கிமான் கார்டு பாக்கெட் வாங்கி, கடை மேஜை ஓரத்திலேயே நின்று பிரிக்க ஆரம்பித்தான். உள்ளே எந்தக் கார்டு இருக்கிறது என்று பிரித்தால்தான் தெரியும். ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழிப்பான், கார்டுகளைக் கவிழ்த்துப் பிடித்துக் கடைசிக் கார்டை மட்டும் மெதுவாக நகர்த்திப் பார்ப்பான், உதட்டைப் பிதுக்குவான். அடுத்த பாக்கெட். வேண்டாதது எல்லாம் மேஜையில் குவிந்தது. நம்ம வாண்டு சும்மா இருப்பானா? "அண்ணா, இது உங்களுக்கு வேணாமா?" என்றான். அந்தப் பையன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மொத்தத்தையும் இவன் பக்கம் தள்ளிவிட்டான். வாண்டுக்குப் பொங்கல்தான். எனக்கு அந்தப் பையன் முகம்தான் மனசில் நின்றது. 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை பண்ணும்வரை, வண்ணாரப்பேட்டையில் சாயங்காலமானால் ரிசல்ட் ஷீட்டில் விரலை ஓட்டிக்கொண்டு நிற்பார்களே, அதே முகம். கூலி வாங்கிய கையோடு அந்தக் கடைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என் கூட வேலை பார்த்தார்கள்!

நான் ஆயுசு முழுக்க ஆஃப்செட் மெஷினோடு நின்றவன். எனக்குத் தெரிந்த விதத்தில் சொல்கிறேன், கேள். கார்டு ஒவ்வொன்றாக அச்சாவதில்லை. பெரிய ஷீட்டில் வரிசையாக அடித்து, பிறகு வெட்டுகிறார்கள். நீ காலேஜில் ஆடிய மேஜிக் கார்டு, ஷீட்டுக்கு 11-க்கு 11, மொத்தம் 121. அபூர்வமான கார்டுக்கும் சாதாரணக் கார்டுக்கும் அதே காகிதம், அதே மை, அதே கூலி. அபூர்வம் என்றால் அந்த ஷீட்டைக் கம்மியாக ஓட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எத்தனை ஷீட் ஓட்டுவது என்று முடிவு பண்ணுகிறவன் ஒரு பக்கம், பாக்கெட்டைக் கடித்துக் கிழிக்கிறவன் இன்னொரு பக்கம். இதில் யார் ஜெயிப்பான் என்று நீயே சொல். 36 பாக்கெட் இருக்கிற பெட்டியை வாங்கினாலும் கணக்கு மாறாது, தோற்கிற தொகைதான் பெரிசாகும். பிரிக்காமல் அப்படியே வைத்திருந்தால் விலை ஏறும் என்பாய். ஏறலாம். ஆனால் நாளைக்கே அதே சரக்கை மறுபடி ஓட்டமாட்டார்கள் என்று உனக்கு யார் எழுதிக் கொடுத்தது?

விலை ஏறினதுக்கு ஒரு கதை இருக்கிறது, படித்துவிட்டுச் சிரித்தேன். டாப்ஸ் கம்பெனியின் 1952 பேஸ்பால் கார்டில் மிக்கி மேன்டில் என்கிற ஆட்டக்காரர் படம் போட்ட ஒன்று, 2022-ல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. அதே வருஷத்துச் சரக்கு விற்காமல் கிடங்கை அடைத்துக்கொண்டிருந்தது என்று, 1960-ல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டினோம் என அந்தக் கம்பெனியில் இருந்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். காசிமேட்டில் இதைச் சொன்னால் வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

என் யோசனை இதுதான். உனக்குப் பிடித்த கார்டு எது என்று வீட்டிலேயே முடிவு பண்ணிக்கொள். அங்கே போய் அதை மட்டும் தனியாக, கையில் வாங்கிப் பார்த்து வாங்கு. ஒரு லென்ஸ் எடுத்துக்கொண்டு போ. லென்ஸ் ஏன் என்றும் சொல்கிறேன். வாண்டு இங்கே ஒரு கடையில் தங்கக் கலரில் பளபளக்கிற போக்கிமான் கார்டு ஒரு கட்டு வாங்கிவந்தான். பிளாஸ்டிக். தொட்டதுமே தெரிந்துவிட்டது, இருந்தாலும் பிள்ளை முகம் வாடுமே என்று லென்ஸை வைத்துப் பார்த்தேன். கூட்டத்தில் அவனுக்குக் கிடைத்த அசல் கார்டையும் பக்கத்தில் வைத்தேன். அசலில் படம் சின்னச் சின்னப் புள்ளிகள் பூப்போலக் கூடி வந்திருக்கும். கறுப்பு எழுத்து மட்டும் புள்ளி இல்லாமல் ஒரே கோடாக, அழுத்தமாக விழுந்திருக்கும், ஏனென்றால் அதைத் தனிப் பிளேட்டில் அடிக்கிறார்கள். யாராவது ஸ்கேன் பண்ணி அடித்த போலி என்றால் எழுத்தும் சேர்ந்து கலர் புள்ளியாக உடைந்துவிடும். கண்ணால் பார்த்தால் தெரியாது, லென்ஸில் பல்லிளிக்கும். அப்புறம் அசல் போக்கிமான் கார்டின் விளிம்பை வெளிச்சத்தில் பார், நடுவில் மெல்லிசாகக் கறுப்புக் கோடு ஓடும். வெளிச்சம் ஊடுருவாமல் இருக்க உள்ளே ஒரு அடுக்கு வைத்து ஒட்டியிருக்கிறார்கள். நல்ல வேலை அது.

நந்தம்பாக்கத்தில் ஒரு கடைக்காரரிடம் கேட்டு, இப்படித்தான் ஒரு கார்டை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். "சார், நீங்க கிரேடிங் பண்றவரா?" என்றார், கார்டுக்குத் தரம் பார்த்து மதிப்பெண் போடுகிறவரா என்று. "இல்லப்பா, மெஷின்மேன்" என்றேன். அப்புறம் அவரே பெட்டிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட ஆரம்பித்தார். அதில் ஒன்று குறுக்கே வெட்டுப்பட்டு, பக்கத்துக் கார்டின் தலை எட்டிப் பார்த்தது. எங்கள் பிரஸ்ஸில் இப்படி வந்தால் கட்டிங் போட்டவனுக்கு முதலாளி அர்ச்சனை பண்ணியிருப்பார். இங்கே அதுக்குத்தான் கூடுதல் விலையாம்! லிங்கிச் செட்டித் தெருவில் நான் கிழித்துப்போட்ட வேஸ்ட் ஷீட்டை எல்லாம் நினைத்துக்கொண்டேன்.

அப்படித் தரம் பார்த்த கார்டைக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பெட்டியில் பத்துக்கு 9, 10 என்று நம்பர் போட்டு அடைத்து வைத்திருப்பார்கள், அங்கே உனக்கு வரிசையாகக் காட்டுவார்கள். படம் நடுவில் இருக்கிறதா, மூலை, விளிம்பு, மேல்பரப்பு எல்லாம் எப்படி என்று பார்த்துப் போடுகிற மதிப்பெண். உபயோகம்தான், ஆனால் அதையே வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதே. சிகரெட் பாக்கெட்டோடு வந்த, ஹோனஸ் வாக்னர் என்கிற பேஸ்பால் ஆட்டக்காரர் கார்டு ஒன்று, 1909-ல் இருந்து 1911 வரை வந்த வரிசையில் உள்ளது. பிஎஸ்ஏ என்கிற நிறுவனம் 1991-ல் தொடங்கியபோது முதல் நம்பராகத் தரம் பார்த்து 8 போட்டது அந்தக் கார்டுக்குத்தான். 2007-ல் 28 லட்சம் டாலருக்கு விற்றது. பிறகு, விளிம்பைச் சீவிவிட்டதாக அதை முன்னால் விற்ற ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோவே 2013-ல் ஒப்புக்கொண்டார். பழைய காகிதத்தில் ஒரு மயிரிழை சீவினால் விளிம்பு புத்தம்புதுசாகிவிடும், எந்தக் கட்டிங் ஆளைக் கேட்டாலும் சொல்வான். அதனால் ஸ்டீல் ஸ்கேலும் ஒன்று வைத்துக்கொள். போக்கிமானோ மேஜிக்கோ, 63-க்கு 88 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். பெட்டிக்குள் அடைக்காத கார்டு என்றால் அளந்து பார்த்துவிட்டுப் பணத்தை எடு. சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இன்னொன்று. நந்தம்பாக்கம் ஹாலின் கோடியில், சுவரோரம் தரையில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் கார்டு அடுக்கிய ஃபைலைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாங்குவது விற்பது கிடையாது, மாற்றுவது மட்டும். "இந்த ரெண்டுக்கு அது ஒண்ணு, ஓகேவா?" "அதுல மூலை மடங்கியிருக்கு ப்ரோ." அரை மணி பேரம், கடைசியில் இரண்டு பேரும் ஜெயித்த மாதிரி சிரிக்கிறார்கள். வாண்டு தனக்கு ஓசியில் கிடைத்த குவியலை வைத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தான், நான் கூப்பிடக் கூப்பிட வரவில்லை. பாக்கெட் கிழித்த பையன் வீசினதில் ஒன்றுக்கு, நீல டிராகன் மாதிரி ஏதோ ஒன்றை மாற்றிக்கொண்டு வந்தான். அங்கேயும் இப்படி உட்காருகிற கூட்டம் நிச்சயம் இருக்கும். உன் பழைய ஃபைலை எடுத்துக்கொண்டு போய் அவர்களோடு உட்கார். நாலு ஆளும் பழக்கமாவார்கள். ஆபீஸ், ரூம், ஆபீஸ் என்று இருக்கிறாய் என அம்மா புலம்புவதும் குறையும்.

பணம் உன் பணம். நான் சொன்னதையும் ஒரு ஓரமாக வைத்துக்கொண்டு முடிவு பண்ணு.

மல்யுத்தக்காரர்கள் படமும் எடை, உயரமும் போட்ட உன்னுடைய டபிள்யூ.டபிள்யூ.எஃப். டிரம்ப் கார்டை அனுப்பினால் அங்கே தரம் பார்க்கலாமா என்று கேட்டிருந்தாய். பரண் மேலே பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருந்தது, எடுத்துப் பார்த்தேன். மூலை எல்லாம் நீங்கள் மொட்டைமாடியில் ஆடி ஆடி மழுங்கிப்போய், சிவப்பு ஒரு பக்கம் தனியாக விலகி, 1 போட்டாலே பெரிய விஷயம். அனுப்புகிற செலவு தண்டம். வாண்டு இப்போது அதை வைத்துத்தான் கீழ்வீட்டுப் பிள்ளைகளோடு ஆடுகிறான். எடை கேட்டால் யோகோசூனா கார்டுதான் ஜெயிக்கும், அந்த ரகசியம் அவனுக்கும் பிடிபட்டுவிட்டது. ஆனால் அந்தக் கார்டுக் கட்டுக்குள் அண்டர்டேக்கர் கார்டு இல்லை. டப்பா, பரண், உன் பழைய ஸ்கூல் பை எல்லாம் தேடியாகிவிட்டது. போகும்போது நீ பர்ஸில் வைத்துக்கொண்டு போனாயா? இருந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, பையன் தினம் நச்சரிக்கிறான்.

அன்புடன்,
நைனா