செயலாளர் ஆண்டறிக்கை: லிபரேட்டர் வருடம்

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வருடத்துக்கு ஒரே ஒரு விமானத்தை எடுத்துக்கொண்டு அதை முழுசாகப் பார்ப்போம் என்று போன பொதுக்குழுவில் பேசி முடிவு செய்தோம். கை தூக்கச் சொன்னதில் பி-24 லிபரேட்டர் ஜெயித்தது. பெங்களூரில் இருக்கிற நமக்கு அதைவிட நெருக்கமான குண்டுவீச்சு விமானம் வேறு இல்லை. புது உறுப்பினர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நாலு எஞ்சின், இரட்டை வால், 110 அடி இறக்கை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 18,000க்கும் மேல் கட்டிய விமானம் இது. அதில் ஒரு பங்கு பிரிட்டிஷ் விமானப் படைக்குக் கடன் ஒப்பந்தத்தில் வந்து நம் பக்கமும் பறந்தது. போர் முடிந்ததும் ஒப்பந்தப்படி திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் யாருக்கும் பயன்படாமல் செய்துவிட வேண்டும். கான்பூர் சக்கேரி விமானத் தளத்தில் நின்றவற்றுக்கு இரண்டாவதுதான் நடந்தது. எஞ்சினில் மணலைக் கொட்டி, கருவிகளை உடைத்து, உடம்புத் தகட்டைக் குத்திக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம் வெயிலும் மழையும் தங்கள் பங்குக்குச் செய்தன.

1948-இல் நம் விமானப் படையிடம் கனரக குண்டுவீச்சு விமானம் என்று ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் குவியலிலிருந்து பறக்கிற மாதிரி எடுத்துத் தர முடியுமா என்று நம் ஊர் விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல்.லைக் (ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட்) கேட்டார்கள். இங்கிருந்து ஒரு குழு கான்பூர் போனது. ஒன்றில் கழற்றியதை இன்னொன்றில் மாட்டி, பெங்களூர் வந்து சேர்கிற அளவுக்கு மட்டும் அங்கேயே சரி செய்தார்கள். சோதனை விமானி ஜிம்மி முன்ஷி ஒவ்வொன்றாக இங்கே ஓட்டிக்கொண்டு வந்தார். நடுவழியில் என்ன கழன்று விழும் என்றே தெரியாத விமானத்தில் அத்தனை தூரம்! பாக்கி வேலை முழுதும் நம் ஊர்ப் பட்டறையில் நடந்தது. அந்த வருடம் நவம்பரிலேயே விமானப் படையின் 5-ஆம் ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) லிபரேட்டர்களோடு தொடங்கிவிட்டது. மொத்தம் 42 விமானங்கள் தேறின. பின்னால் 6-ஆம் ஸ்குவாட்ரன் அவற்றைக் கடல் கண்காணிப்புக்கு வைத்துக்கொண்டது. 1968 வரை ஓடின.

இந்த வருடக் கூட்டங்களில் எனக்கு மறக்க முடியாதது ஆகஸ்ட் கூட்டம். நம் மூத்த உறுப்பினர் ஒருவர் தன் அப்பாவின் பக்கிங் பாரை, அதாவது தகடுகளை இணைக்கிற ரிவெட் ஆணியை அடிக்கும்போது பின்னால் அழுத்திப் பிடிக்கிற கட்டியை, துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற இரும்புக் கட்டி, தூக்கினால்தான் கனம் தெரியும், கட்டைவிரல் படுகிற இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஒரு அலுமினியத் தகட்டில் ஆணியால் குத்திக் கிழித்து, அதை எப்படி அடைப்பது என்று செய்தே காட்டினார். கிழிசலை அப்படியே விட்டு மேலே தகடு ஒட்டக் கூடாது, விரிசல் ஓடிக்கொண்டே போகும். வட்டமாக வெட்டி ஓரத்தை மழித்து, பெரிய தகட்டைப் பின்னால் கொடுத்து, சுற்றிலும் துளை போட்டு ரிவெட் அடிக்க வேண்டும். வெளியே ஒருவர் ரிவெட் அடிக்கிற துப்பாக்கியால் அடிக்க, உள்ளே இன்னொருவர் அந்த இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்கணும். இரண்டு பேர் மூச்சும் ஒத்துப் போகாவிட்டால் ரிவெட் கோணிக்கொள்ளும். அன்றைக்கு ஒரு ஓட்டை அடைக்க எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது, 42 விமானம் என்றால் என்ன என்று அப்போதுதான் உறைத்தது.

ஜூலை கூட்டம் மழையால் நடக்கவில்லை. டிசம்பரில் சிலர் டெல்லி போய் பாலம் அருங்காட்சியகத்தில் நிற்கிற லிபரேட்டரைப் பார்த்து வந்தார்கள். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

ஒரு ஆதங்கத்தையும் பதிவு செய்ய வேண்டும். இன்று உலகத்தில் மிஞ்சியிருக்கிற லிபரேட்டர்களில் பல இந்திய விமானப் படையிலிருந்து போனவை. அரிசோனாவின் பீமா அருங்காட்சியகத்துக்கு ஒன்று 1969-இல் போனது, லண்டனின் ராயல் விமானப் படை அருங்காட்சியகத்துக்காக 1974-இல் ஒன்று போனது, கனடாவிலும் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 1989-இல் மறுபடி பறக்க வைத்த காலிங்ஸ் அறக்கட்டளையின் விமானமும் நம் படையில் இருந்ததுதான். அங்கே அவற்றைக் காப்பாற்றியவர்களைப் பாராட்டுகிறேன், மனதாரச் சொல்கிறேன். ஆனால் பழுதுபார்க்கவே முடியாதபடி உடைத்துப் போட்டதை முதலில் எழுப்பியவர்கள் பெங்களூர்ப் பட்டறைக்காரர்கள். அவர்களில் முன்ஷியின் பெயரை நாம் எல்லோரும் சொல்கிறோம், தகடு அடித்தவர் பெயரை, எஞ்சினைப் பிரித்து மணலைக் கழுவியவர் பெயரை யார் சொல்கிறோம்?

அதனால் வருகிற வருடமும் லிபரேட்டரை விட வேண்டாம் என்று செயற்குழு நினைக்கிறது. அல்சூர், முருகேஷ்பாளையா, விமானபுரா பக்கம் இருக்கிற நம் குடும்பங்களில் அந்தக் காலத்துப் படங்கள், பாஸ் அட்டை, கருவி எதுவாக இருந்தாலும் கொண்டுவாருங்கள். ஸ்கேன் செய்துவிட்டு அன்றைக்கே கையில் தந்துவிடுவோம். படத்தின் பின்பக்கம் பென்சிலில் ஏதாவது பெயர் எழுதியிருக்கும், அந்தப் பக்கத்தையும் சேர்த்தே எடுப்போம்.

செயலாளர்